ஸ்கிரிப்டை எழுத்துரு என்பவர்களுக்கு

‘ஆட்டோலிஸ்ப் எழுத்துருவை ஏற்றி இயக்கவும்.’ கணினியில் வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளைக் கற்றுத்தரும் தமிழ்க் குறிப்புகளில் இந்த மாதிரி வரிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ‘ஆட்டோலிஸ்ப் ஸ்கிரிப்ட்’ என்பதைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். அதாவது, லிஸ்ப் என்ற கணினி மொழியின் ஆட்டோகேட் வடிவத்தில் எழுதிய நிரல் (புரோகிராம்). தமிழில் எழுத்துரு என்றால் ஃபான்ட். அதுவும் ஆட்டோகேடில் ரோமன்ஸ், சிம்ப்ளெக்ஸ் என்று எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்கள் தனியாகவே உண்டு. தேவையான எழுத்துரு இல்லாவிட்டால் வரைபடத்தில் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்து நிற்பதும் உண்டு. புதிதாகப் படிக்கிறவர் இந்த வரியை நம்பி ஃபான்ட் கோப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஸ்கிரிப்ட், ‘எழுது’ என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. எழுதப்பட்டது, எழுத்துமுறை, நடிகர் கையில் இருக்கும் வசனப்பிரதி என்று பொருள் விரிந்து, கடைசியில் கணினிக்கு வந்தது. அகராதியில் முதலில் உள்ள பொருளை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் கோளாறு. ஆங்கிலத்தில் லிஸ்ப் என்றால் மழலைப் பேச்சு என்பதால், மொழியின் பெயரையே மழலை என்று பெயர்த்தவர்களும் உண்டு! 1958-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய இந்த மொழியின் பெயர் ‘லிஸ்ட் ப்ராசஸர்’, அதாவது பட்டியலைக் கையாள்வது, என்பதன் சுருக்கம். மழலைக்கு இங்கே வேலையில்லை.

எழுத்துருவை விட்டவர்கள் அடுத்து ‘குறுநிரல்’ என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குறுநிரல் ஏற்கெனவே ஆப்லெட் என்னும் சிறு நிரலுக்கு வழங்கிவிட்டது. அதோடு, இதில் குறுமை எங்கே? ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் லிஸ்ப் கோப்புகள் இருக்கின்றன. ‘உரைநிரல்’ என்போரும் உண்டு. எந்த நிரல்தான் உரையாக எழுதப்படவில்லை? ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தானே பெயர்? ஸ்கிரிப்டின் தனித்தன்மை, அது இன்னொரு மென்பொருளுக்குள் உட்கார்ந்து அந்த மென்பொருளையே வேலை வாங்குகிறது என்பது. ஆகவே ‘ஏவல்நிரல்’ என்பேன். பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறதே என்றார் ஒருவர். வரட்டும், ஏவல்வினையும் ஏவலாளும் அதைவிடப் பழக்கமான சொற்கள்தாம்.

நிரல் என்ற பகுதி லிஸ்புக்கு இன்னும் பொருத்தம். நிரல் என்றால் வரிசை. பள்ளியில் படித்த நிரல்நிறை அணி நினைவிருக்கும். லிஸ்பில் எல்லாமே அடைப்புக்குறிக்குள் வரிசைதான். (+ 2 3) என்றால் முதலில் நிற்பது செய்ய வேண்டிய வேலை, பின்னால் வருபவை அதற்கான பொருள்கள், விடை 5. (* 4 (+ 2 3)) என்றால் 20. ஆட்டோலிஸ்பில் ஒரு புள்ளிகூட (10 20 0) என்ற பட்டியல்தான். வரைந்த வட்டம் ஒன்றின் விவரத்தை ‘என்ட்கெட்’ என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) கொண்டு கேட்டால் அதுவும் பட்டியலாகவே வரும். அதில் 8 என்ற எண்ணோடு, வட்டம் இருக்கும் லேயரின் (அடுக்கின்) பெயர் இருக்கும். 40-ஓடு ஆரம் இருக்கும். அந்த ஆரத்தைக் கூட்டி ‘என்ட்மாட்’ என்ற செயற்கூறு மூலம் திருப்பிக் கொடுத்தால் திரையில் வட்டம் பெருக்கிறது.

ஆட்டோகேடிலேயே ஸ்கிரிப்ட் என்ற பெயரில் வேறொன்று இருப்பதைப் பெயர்ப்பவர்கள் கவனிப்பதே இல்லை. அதுதான் எஸ்சிஆர் (.scr) கோப்பு. நாம் தட்டச்சிடும் கட்டளைகளை அப்படியே அடுக்கி வைத்தது. அதில் ஓர் இடைவெளி என்பது என்டர் தட்டியதற்குச் சமம். தவறி ஒன்று கூடினால் வரிசை முழுவதும் பிசகும். நிபந்தனை பார்த்து முடிவெடுக்க அதற்குத் தெரியாது. லிஸ்புக்கோ இடைவெளி கூடினால் கவலையில்லை. பயனரிடம் புள்ளி கேட்கும், ஒப்பிடும், திரும்பத் திரும்பச் செய்யும். டேவிட் பெட்ஸ் எழுதிய எக்ஸ்லிஸ்ப் என்ற லிஸ்ப் வகையிலிருந்து எடுத்து, ஆட்டோலிஸ்பை 1986-இல் ஆட்டோகேட் 2.18-இல் முழு மொழியாகச் சேர்த்தது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே சொல்லால் மூடினால் குழப்பம்தான். எஸ்சிஆர் கோப்பைக் ‘கட்டளைக்கோவை’ என்று வையுங்கள். லிஸ்புக்கு ஏவல்நிரல் இருக்கட்டும். அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் ‘அந்த லிஸ்ப்பை லோடு பண்ணு’ என்றால் அதைத் திருத்த வேண்டாம். அவருக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது.

தூய தமிழ் ஆர்வத்தில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. விளக்கத்தை மட்டும் பெயர்க்காமல், நிரலுக்குள்ளிருக்கும், மதிப்பைச் சேமிக்கும் ‘செட்க்யூ’, செயற்கூற்றை வரையறுக்கும் ‘டிஃபன்’ போன்ற பெயர்களையும் பெயர்த்துவிடுகிறார்கள். அதைப் படித்த மாணவர் அப்படியே தட்டச்சிட, ‘இந்தப் பெயரில் செயற்கூறு எதுவும் வரையறுக்கப்படவில்லை’ என்ற பிழைச்செய்தியை ஆட்டோகேட் காட்டுகிறது, அதுவும் ஆங்கிலத்தில்.