கொப்புளத்து நீர் குழாயிலிருந்து வருவதில்லை

தீபாவளிக்கு 3 வாரம் இருக்கும்போதே மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் அரிசி மாவு வறுபடும் வாசனை எழுந்துவிடும். அது எழுந்த நாலைந்து நாளில் எங்கள் மருத்துவ நிலையத்துக்கு எண்ணெய் பட்ட கைகள் வரத் தொடங்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாதியாக வேலை பார்க்கும் எனக்கு, ஊர்க்காரர்களுக்கு ‘மிஸ்ஸி’யாகிய எனக்கு, இந்த வரிசை மாறி நினைவில்லை. நாங்கள் நிரப்பும் பதிவில் ‘சூடான எண்ணெய்’ என்று எழுத இடம் உண்டு; அச்சு முறுக்கா, அதிரசமா என்று எழுத இடம் இல்லை. இருந்திருந்தால் எந்தப் பலகாரம் எத்தனை பேரைச் சுட்டது என்று இந்நேரம் சொல்லியிருப்பேன்.

சென்ற சனிக்கிழமை மாலை ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர், பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். அச்சு முறுக்கு சுடும்போது முறுக்கு அச்சை விட்டு இறங்காமல் அடம்பிடிக்கவே, அச்சைக் குவாலியின், அதாவது வாணலியின், விளிம்பில் ஓங்கித் தட்டியிருக்கிறார். கம்பி கையிலிருந்து நழுவி, பித்தளை அச்சு எண்ணெய்க்குள் விழுந்து, மணிக்கட்டு முதல் முழங்கை வரை எண்ணெய் அடித்திருக்கிறது. எண்ணெய் பட்டு 40 நிமிடம் கழித்து என் முன்னே உட்கார்ந்தபோது அந்தக் கை சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. அடியில் முட்டை வெள்ளை, அதன் மேல் பற்பசை, பக்கத்து வீட்டு அக்காவின் ஆலோசனையின்படி ஓரங்களில் கிச்சாப் எனும் சோயா சாறு. உப்புநீரில் நனைத்த துணியால் அதையெல்லாம் எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எண்ணெய் பட்டபோது அழாத அம்மா அப்போது அழுதார்.

“பைப்பைத் திறந்து கையைக் காட்டினீர்களா, அம்மா?” என்று கேட்டேன்.

“தண்ணி பட்டா கொப்புளிச்சிடுமே மிஸ்ஸி, யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா?” என்றார்.

இதே பதிலை அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகக் கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். படிப்பவர் பாதியில் எழுந்து போகலாம் என்பதால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெயோ பாகோ மேலே பட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் அந்த இடத்தை 20 நிமிடம் காட்ட வேண்டும். வேறு எதையும் தடவக் கூடாது.

இனி அந்தக் கொப்புளக் கதைக்கு வருகிறேன். ‘நீர்க்கொப்புளம்’ என்று சொல்கிறோம், ‘நீர் கோத்துக்கொண்டது’ என்று சொல்கிறோம். இப்படியே சொல்லிச் சொல்லி, கொப்புளத்துக்குள் இருப்பது வெளியிலிருந்து புகுந்த தண்ணீர் என்ற எண்ணம் மனத்தில் ஊறிவிட்டது போலும். அது உங்கள் இரத்தக் குழாய்களிலிருந்தே கசிந்த, இரத்தத்தின் நீர்ப்பகுதி. வெப்பம் தோலின் மேல் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுத்துவிடுகிறது. அந்த இடைவெளியில் உடம்பின் இந்த நீர் வந்து தேங்குகிறது. தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும், அந்தப் பிணைப்பு அறுந்திருந்தால் கொப்புளம் எழுந்தே தீரும். சூடு பட்டவுடன் கை வெறுமனே சிவந்திருக்கும், கொப்புளம் சற்று நேரம் கழித்தே மேலெழும். இடைப்பட்ட நேரத்தில் யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் பழி தண்ணீரின் மேல் விழுகிறது. ஊற்றாமல் வந்த கைகளிலும் கொப்புளம் இருப்பதைப் பார்க்கிறவள் நான் மட்டுந்தான். பக்கத்து வீட்டு அக்கா பார்ப்பதில்லை.

தண்ணீர் ஊற்றாவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முறுக்கு வேகும் எண்ணெய் ஏறக்குறைய 170, 180 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரே 100 டிகிரிதான். தண்ணீர் வழிந்து ஓடிவிடும், எண்ணெயோ தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். துடைத்த பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு அங்கேயே இருந்து அடுத்த அடுக்கை வேக வைத்துக்கொண்டிருக்கும், அடுப்பை அணைத்த பிறகும் மூடிய பானையில் சோறு வேகிறதே, அதுபோல. அந்தச் சூட்டை வெளியே இழுக்க ஓடும் தண்ணீரைப் போல வேறொன்று வீட்டில் கிடையாது. உடனே ஊற்றுவதே நல்லது. தவறியிருந்தால் 3 மணி நேரத்துக்குள் ஊற்றினாலும் பயன் உண்டு. ஆகவே “அப்பவே ஊத்தலியே, இனிமேல் எதுக்கு” என்று இருந்துவிடாதீர்கள். அந்த அம்மாவின் கையையும் பற்பசையை எடுத்தபின் முதலில் குழாயடியில்தான் பிடித்தேன்.

20 நிமிடம் என்றால் 20 நிமிடம். வலி குறைந்தவுடன் கையை எடுத்துவிடுகிறார்கள், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மெல்ல ஓடவிட்டால் போதும். மோதிரத்தையும் வளையலையும் வீக்கம் ஏறுமுன் கழற்றிவிடுங்கள், பிறகு அவற்றை நாங்கள் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். துணி தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அதன் மேலேயே தண்ணீரை விடுங்கள். ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம். அது இரத்த ஓட்டத்தைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். குழந்தை என்றால் சுட்ட இடத்தை மட்டும் தண்ணீரில் காட்டிவிட்டு, மற்ற உடம்பைத் துண்டால் போர்த்திச் சூடாக வையுங்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோகும் ஊரில் இருப்பவர்கள், அடுப்பு மூட்டுமுன் 2 வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது குவளையால் மொண்டு தொடர்ந்து ஊற்றலாம்.

பற்பசை ‘சில்லென்று இருக்கிறது’ என்பார்கள். அதிலுள்ள புதினாச் சத்து நரம்பை ஏமாற்றுகிறது. தோலின் சூடு ஒரு டிகிரிகூட இறங்குவதில்லை. மாவு, முட்டை வெள்ளை, கிச்சாப், வெண்ணெய், காமாட் எனும் கடல் அட்டை எண்ணெய் எல்லாவற்றுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: புண்ணில் அழுக்கைச் சேர்க்காதீர்கள், எங்கள் கண்ணை மறைக்காதீர்கள். புண் எவ்வளவு ஆழம் என்பதை அதன் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறோம். அந்தக் காலத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் ஐயா ஊதா மருந்து போட்டு அனுப்பியதையும், அது ஆறியதையும் பாட்டிகள் எனக்கு நினைவூட்டுவார்கள். ஆறியது உண்மைதான். ஆனால் ஊதா நிறத்துக்கு அடியில் புண் சிவப்பா வெள்ளையா என்று இன்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

பலகாரமே செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடை முறுக்கு வாங்கித் தட்டில் அடுக்கும் வழக்கம் என் வீட்டிலும் இல்லை. ஆனால் விபத்து எந்த இடத்தில் பதுங்கியிருக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். பெரும்பாலும் அது ஈரத்தில் பதுங்கியிருக்கிறது.

சீடையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளித்தோல் சட்டென்று இறுகி, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வழி கிடைக்காமல் முட்டும்போது அது வெடித்து, எண்ணெயோடு சேர்ந்து முகத்தை நோக்கி வருகிறது. மாவைச் சலிக்காமல் விட்டால் அதிலுள்ள ஒரு குருணையே இதற்குப் போதும். ஆகவே மாவை 2 முறை சலியுங்கள். சீடையை அழுத்தி உருட்டாமல் மெத்தென்று உருட்டி, துணியில் பரப்பி மேல் ஈரத்தை உலரவிட்டு, ஊசியால் ஒரு குத்துக் குத்திப் போடுங்கள். முறுக்கு வெடிப்பது இதைவிடக் குறைவு, ஆனாலும் உரலுக்குள் மாவைத் திணிக்கும்போது காற்று இடைவெளி விடாதீர்கள். 4 பங்கு அரிசி மாவுக்கு 1 பங்கு உளுத்தம் மாவு என்று பிசைபவர்கள் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைவது மொறுமொறுப்புக்கு மட்டுமன்று, கைக்கும் நல்லது. எண்ணெய்க்கு நேர் மேலே உரலைப் பிடித்துப் பிழிவதை விட்டுவிடுங்கள். தட்டிலோ கரண்டியின் பின்புறத்திலோ பிழிந்து, குவாலியின் ஓரமாக வழுக்கி விடுங்கள். இரைச்சல் அடங்கினால் முறுக்கு வெந்துவிட்டது என்று என் பாட்டி சொல்வார்; ஈரம் தீர்ந்துவிட்டது என்பதைத்தான் அவர் காதால் கேட்டிருக்கிறார்.

அச்சு முறுக்கில் கவனம் இருக்க வேண்டிய இடம் அச்சின் விளிம்பு. சுட்ட அச்சைத் தேங்காய்ப்பால் மாவில் முக்கால் பாகம் மட்டுமே தோய்க்க வேண்டும். மாவு மேல் விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டால் முறுக்கு அச்சைப் பூட்டுப் போட்டதுபோலக் கவ்விக்கொள்ளும். பிறகுதான் தட்டுவதும் உதறுவதும். அப்படி மாட்டிக்கொண்டால் எண்ணெய்க்கு மேலே போராடாமல் அச்சைத் தட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு குச்சியால் நெம்பி எடுங்கள். ஒரு முறுக்கு உடைந்தால் குடி முழுகிப் போகாது. கழுவிய அச்சை ஈரத்தோடு எண்ணெயில் வைப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

அதிரசப் பாகு தண்ணீரில் விட்டால் உருட்டும் பதத்துக்கு வரும்போது ஏறக்குறைய 115 டிகிரியில் இருக்கும். எண்ணெயைவிடச் சூடு குறைவுதான், ஆனால் அது பசை. கையில் விழுந்தால் உரித்தெடுக்க முயலாமல் தண்ணீரில் காட்டுங்கள், தானே கரையும். வெந்த அதிரசத்தை 2 கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெய் பிழிவதை முகத்தை விட்டுத் தள்ளிச் செய்யுங்கள். நெய் உருண்டைக்குக் கொதிக்கும் நெய்யை மாவில் ஊற்றியவுடன் உருட்டினால்தான் உருண்டை நிற்கும் என்று உள்ளங்கை சிவக்கச் சிவக்கப் பிடிப்பவர்கள், நெய்யை மாவு முழுவதிலும் ஒரே நேரத்தில் ஊற்றாமல் சிறிது சிறிதாக ஊற்றிப் பிடித்தால் சூடும் தாங்கும், உருண்டையும் நிற்கும்.

அடுப்பைப் பற்றி. லயத்து வீட்டு முன்நடையான அஞ்சடியிலும் தாமான் வீட்டின் பின்புறத்திலும் தரையோடு தரையாக அடுப்பை வைத்து, நாலைந்து வீட்டுப் பெண்கள் கூடிச் சுடுவது எனக்கும் பிடித்த காட்சிதான். அதே தரையில் தவழும் குழந்தையும் இருக்கிறது, கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) குழாயும் கிடக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவரை நியமியுங்கள்; அவர் மாவைத் தொடக் கூடாது. சிறு கேன் அடுப்பில் பெரிய குவாலியை ஏற்றாதீர்கள், குவாலியின் சூடு பக்கத்திலுள்ள கேனில் ஏறி அது வெடிக்கும். குவாலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். நைலான் கஃப்தான் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தித் துணி உடுத்துங்கள். வேலை முடிந்தபின் குவாலியை இறக்கித் தரையில் வைக்காதீர்கள். அடுப்பிலேயே மூடி ஆறவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அது குழந்தையைச் சுடும்.

எண்ணெய் தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சற்று முன் தண்ணீரைத் தூக்கிப் பிடித்த நான் இங்கே அதைத் தடுப்பது முரணாகத் தோன்றலாம். கைக்குத் தண்ணீர் வேண்டும், தீப்பிடித்த குவாலிக்குக் கூடாது. எண்ணெயின் அடிக்குப் போகும் தண்ணீர் நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைக்குத் தூக்கி எறியும். கேஸை அடைக்க முடிந்தால் அடையுங்கள், குவாலியை மூடியால் மூடுங்கள், மூடியதைத் திறந்து பார்க்காதீர்கள். குவாலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது வீட்டு ஆண்கள் செய்யும் வீரம். நான் பார்த்த மிக மோசமான புண்களில் சில அந்த வீரத்தால் வந்தவை. அடங்காவிட்டால் எல்லாரும் வெளியேறி 999-ஐ அழையுங்கள்.

எப்போது வர வேண்டும் என்று கேட்பீர்கள். விரல்களோடு சேர்ந்த உங்கள் உள்ளங்கை உங்கள் உடம்பின் பரப்பில் ஏறக்குறைய 1 விழுக்காடு. புண் அதைவிடப் பெரிதாக இருந்தால் வாருங்கள். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் என்றால் அளவு பார்க்காமல் வாருங்கள். வெள்ளையாகி வலியே இல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், ஆழமாக வெந்திருக்கிறது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் எப்படியும் அழைத்து வாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறிய புண்ணுக்கும் தயங்காமல் வர வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மற்றவருக்கு 2 வாரத்தில் ஆறுவது உங்களுக்கு மாதக்கணக்கில் இழுக்கும். கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று வரும் வழியிலேயே யோசித்து வாருங்கள், நான் கேட்பேன்.

20 நிமிடம் தண்ணீரில் காட்டியபின், உணவைச் சுற்றி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் இறுக்காமல் பரப்பிக்கொண்டு வரலாம். அது இல்லையென்றால் துவைத்த சுத்தமான துணி போதும். பற்பசையைக் குளியலறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.