உப்பென்று ஏமாறும் சிறுநீரகம்

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி பல வருடங்களாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். பைபோலார் என்று சொல்லப்படும் இருதுருவ மனநோய். இப்போது ரத்தக்கொதிப்பும் சேர்ந்துகொண்டது. பிரஷர் பார்த்த டாக்டர் உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார். மனநலப் பிரிவில் மாதாமாதம் பார்க்கும் சிஸ்டரோ, "திடீர்னு உப்பைக் குறைச்சிராதீங்கண்ணே, முதல்ல எங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று தடுத்துவிட்டார். "மூளைக்குப் போடுற மாத்திரைக்கும் ரசத்துல போடுற உப்புக்கும் என்னங்க சம்பந்தம்? யார் பேச்சைக் கேக்கிறது?" என்று கேட்கிறார்.

சிஸ்டர் பேச்சைத்தான். பிரஷர் டாக்டர் சொன்னதும் பொதுவாகச் சரியான அறிவுரையே. ஆனால் லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உப்பு என்பது மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கிற பொருள். மாத்திரையில் ஒரு மில்லிகிராமைக்கூட மாற்றாமல், சாப்பாட்டு உப்பை மட்டும் வெட்டினால், ரத்தத்தில் லித்தியம் ஏறும். எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பள்ளியில் படித்த தனிம வரிசை அட்டவணையில் முதல் நெடுவரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கு அடுத்து லித்தியம், அதற்கு நேர் கீழே சோடியம். இரண்டும் ஒரே ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஒற்றை நேர்மின்னூட்டத்தோடு திரிபவை. மூளைக்குள் லித்தியம் என்ன செய்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அயனியின் பருமனில் அது மக்னீசியத்துக்கு மிக அருகில் இருப்பதால், மக்னீசியம் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து சில நொதிகளை மந்தப்படுத்துகிறது என்பது அவற்றில் முக்கியமானது. அதை இன்னொரு நாள் பார்ப்போம். எனக்குப் பிடித்த கதை மூளையில் இல்லை, சிறுநீரகத்தில் இருக்கிறது.

அதற்கு முன் 1949-ஐத் தொட்டுவிட வேண்டும். ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேய்ட், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்று வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பியதும் மெல்போர்னில் ஒரு மனநல மருத்துவமனையில், பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், கினிப் பன்றிகளுக்கு லித்திய உப்பை ஊசி போட்டுப் பார்த்தார். அவை சாதுவாகிவிட்டன. பிறகு தானே கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பைபோலாரின் ஒரு துருவமான மனவெழுச்சி (மேனியா) முற்றிய பத்து நோயாளிகளுக்குக் கொடுத்து, பலனை 1949-ல் வெளியிட்டார். அதே வருடம் அமெரிக்காவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சோடியம் கூடாது என்று சொல்லப்பட்ட இதய நோயாளிகள் நாக்குக்கு ருசியாக லித்தியம் குளோரைடைச் சாப்பாட்டில் தூவிக்கொண்டிருந்தார்கள். மாற்று உப்பு என்று கடையிலேயே விற்றது. பலர் நச்சேறி விழுந்தார்கள், சிலர் செத்தும்போனார்கள். அரசு தடை செய்தது. கேய்ட் முதன்முதலில் லித்தியம் கொடுத்துக் குணம் கண்ட நோயாளியும் 1950-ல் லித்திய நச்சால்தான் இறந்தார்.

அந்த இதய நோயாளிகளைப் பாருங்கள். சோடியத்தை அறவே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் லித்தியத்தை அளவில்லாமல் தின்றிருக்கிறார்கள். இதைவிட மோசமான சேர்க்கையை வேண்டுமென்றே யோசித்தாலும் உருவாக்க முடியாது.

இப்போது சிறுநீரகம். கல்லீரல் எத்தனையோ மருந்துகளை உடைத்துச் செயலிழக்க வைக்கும். லித்தியம் ஒரு தனிமம், அதை உடைக்க முடியாது. வெளியேற ஏறக்குறைய ஒரே வழி சிறுநீர். உங்கள் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதியே மூன்று லிட்டர்தான், அதையே அறுபது தடவை வடித்துவிடுகின்றன. வேண்டாததை மட்டும் பொறுக்கி எறியும் வேலை அல்ல இது. போகியன்று வீட்டுச் சாமான் அத்தனையையும் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் மறுபடி உள்ளே தூக்கி வைப்பதைப் போன்ற வேலை. சோடியமும் அப்படித்தான் மொத்தமாக வெளியே வருகிறது. சாப்பாட்டு உப்பாகக் கணக்குப் போட்டால் தினமும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! அதில் நாம் அன்று தின்ற பத்து கிராம் அளவுக்குச் சிறுநீரில் விட்டுவிட்டு, மிச்சம் அத்தனையையும் நுண்குழல்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

இந்த மீட்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. ரத்தம் வடிந்ததும் வருகிற முதல் குழாய்ப் பகுதி, அண்மைச் சுருள் நுண்குழல், மூன்றில் இரண்டு பங்கு சோடியத்தையும் அதே விகிதத்தில் தண்ணீரையும் மொத்த வியாபாரியாக வாரிக்கொள்கிறது. இங்கே ஆள் அடையாளம் பார்ப்பதில்லை. சோடியத்துக்கான வழியில் லித்தியமும் கூடவே உள்ளே போய்விடுகிறது. குழாயின் கடைசிப் பகுதியில்தான் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் சொற்படி சோடியத்தைக் கிராம் சுத்தமாகச் சரிக்கட்டுகிற வேலை. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த லித்தியத்தின் பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் போய்விடும். மொத்தத்தில் வடிந்த லித்தியத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் உடம்புக்கே திரும்பி, ஐந்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் நான்கில் ஒரு பங்கு, வெளியேறுகிறது. டென்மார்க்கின் கிளாவ்ஸ் தாம்சனும் மோகன்ஸ் ஷோவும் 1960-களில் இதை அளந்து காட்டினார்கள். பின்னால் சிறுநீரக ஆராய்ச்சியாளர்கள் அதைத் திருப்பிப் போட்டு, முதல் குழாய் எவ்வளவு சோடியத்தை மீட்கிறது என்பதை அளக்க லித்தியத்தையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். மனநோய் மருந்து சிறுநீரகத்துக்கு அளவுகோலான கதை எனக்கு எத்தனை தடவை படித்தாலும் சலிக்காது.

உடம்பில் உப்பு குறைந்தால் என்ன ஆகும்? பேதியாகிறது, அல்லது சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றுகிறது, அல்லது உப்பில்லாச் சாப்பாடு. உடனே முதல் குழாய்க்கு உத்தரவு போகிறது: இன்னும் அதிகமாக மீட்டு வை. அது சோடியத்தை இன்னும் வாரும், லித்தியமும் இன்னும் உள்ளே வரும். மாத்திரை அதேதான், ஆனால் வெளியே போவது குறைந்துவிட்டதால் ரத்தத்தில் அளவு ஏறுகிறது. பிரஷருக்குக் கொடுக்கிற தையசைடு வகை மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது குழாயின் பின்பகுதியில் வேலை செய்து சோடியத்தை வெளியேற்றுகிறது. லித்தியத்தை அது தொடுவதேயில்லை. ஆனாலும் சோடியம் போய்விட்டதே என்று முதல் குழாய் பதறி அதிகம் மீட்க, சில நாட்களில் லித்தியம் ஏறிவிடும். ஏசிஇ தடுப்பான் வகைப் பிரஷர் மாத்திரைகளும், கை கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக்கும் வேறு வழியில் இதே வேலையைச் செய்யும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று திடீரென்று உப்பைக் கூட்டினாலும் வம்புதான். அப்போது லித்தியம் வேகமாக வெளியேறி, அடங்கியிருந்த நோய் தலைதூக்கும்.

ஏறினால் என்ன என்று கேட்கலாம். பராமரிப்புக்கு வேண்டியது லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. 1.5-ஐத் தாண்டினால் நச்சு. நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். அதோடு ஒரு சுழலும் உண்டு. அளவு ஏறினால் வாந்தியும் பேதியும் வரும். அதில் உப்பும் தண்ணீரும் போகும். போகப் போகச் சிறுநீரகம் லித்தியத்தை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது மனநலப் பிரிவுச் செவிலியர் கேட்கிற சில்லறைக் கேள்விகளை மறுபடி கேட்டுப் பாருங்கள். "வயிறு நல்லா இருக்கா? வெயில்ல வேலையா? வேற டாக்டர் ஏதாவது மாத்திரை எழுதினாரா?" ஊர்க்கதை பேசுவதுபோலத்தான் இருக்கும். உண்மையில் முதல் குழாய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று உளவு பார்க்கிறார். கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பதும் அதற்குத்தான். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் லித்தியம் சாப்பிடுகிறவர்களிடம் சாதாரணம். கை முழுக்கக் கரடுமுரடாக ஆடினால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால், அவர் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுவார். ரத்தம் எடுக்கும்போது "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்று கேட்பார், ஏனென்றால் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவுக்குத்தான் அர்த்தம் உண்டு. இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது: பச்சை மூடி போட்ட ரத்தக் குழாய்களில் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் என்ற பொருளைத் தடவியிருப்பார்கள். அதில் ரத்தத்தைப் பிடித்தால் குழாயின் லித்தியமும் கணக்கில் சேர்ந்து, நன்றாக இருக்கிறவருக்கு நச்சு என்று ரிப்போர்ட் வரும். விஷயம் தெரிந்த நர்ஸ் அந்தக் குழாயைத் தொடமாட்டார்.

வாசகர் தம்பிக்கு வழி இதுதான்: இரண்டு டாக்டர்களுக்கும் மற்றவர் எழுதிய சீட்டைக் காட்டுங்கள். லித்தியத்தோடு மோதாத பிரஷர் மாத்திரைகள் இருக்கின்றன. உப்பைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் அவர்களுக்குச் சொல்லிவிட்டு மெதுவாகக் குறைத்து, ஒரு வாரத்தில் ரத்தத்தில் லெவல் பார்க்க வேண்டும். வாந்தி பேதி வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன்பே, அன்றைக்கே, மருத்துவமனையைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. மனநோய்க்குப் பரிகாரமாக ஒரு மண்டலம் உப்பில்லாமல் சாப்பிட வைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. விரதம் அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் லித்தியம் சாப்பிடுகிறவர் நாற்பத்தெட்டு நாள் உப்பைத் தொடாவிட்டால், சில நாட்களிலேயே கை ஆடும், பேச்சு குழறும், தள்ளாடுவார். "உள்ளே இருக்கிறது வெளியே வரப் பார்க்குது" என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகும், நோயாளியை முதலில் எங்கே கூட்டிப்போவது என்பதில் பல குடும்பங்கள் மாறவில்லை.

மறுபக்கம், விஞ்ஞானத்தின் வியாபாரமும் சுத்தமில்லை. லித்தியம் பூமியிலிருந்து தோண்டியெடுக்கிற பொருள், அதற்குக் காப்புரிமை வாங்க முடியாது. கேய்ட் கட்டுரை வந்து இருபது வருடம் கழித்து, 1970-ல்தான் அமெரிக்கா அதை மனவெழுச்சிக்கு அனுமதித்தது. லாபமில்லாத மருந்துக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குவது அரசின் வேலை என்பது என் கட்சி. குறைந்தபட்சம் எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் லித்தியம் லெவல் பார்க்கும் வசதியும், அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்த மனநலச் செவிலியரும் இருக்க வேண்டும்.

கடைசியாக, பல வீடுகளில் சண்டையாகிற ஒரு விஷயம், தாகம். லித்தியம் சாப்பிடுகிறவர்களில் பலர் குடம் குடமாகக் குடிப்பார்கள், ராத்திரி நாலு தடவை எழுந்து போவார்கள். "தண்ணியைக் குறைடா, எந்திரிக்க வேண்டியிருக்காது" என்பார் அம்மா. குறைக்கக் கூடாது. நுண்குழலின் கடைசியில், சேகரிப்புக் குழாயில், சோடியம் நுழைகிற ஒரு கதவு உண்டு. கொஞ்சம் லித்தியம் அதன் வழியாகவும் செல்லுக்குள் புகுந்துவிடுகிறது. சோடியத்தை வெளியே இறைக்கும் பம்பு லித்தியத்தை அவ்வளவு எளிதாக இறைப்பதில்லை, உள்ளேயே தேங்குகிறது. அந்தச் செல்கள் பிறகு தண்ணீரை மீட்கும் துளைகளை வேண்டிய அளவு திறப்பதில்லை. நீர் சிறுநீராகப் போய்க்கொண்டே இருக்கும், தாகம் அந்த இழப்பை ஈடுகட்டும். தண்ணீரைத் தடுத்தால் உடம்பு வறண்டு லித்தியம் ஏறும். அதனால் செவிலியர் ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் பிடித்து அளக்கச் சொல்வார், மூன்று லிட்டரைத் தாண்டினால் டாக்டரிடம் எடுத்துச்சொல்வார். அமிலோரைடு என்ற பழைய மாத்திரை அந்தக் கதவையே அடைத்து லித்தியத்தை உள்ளே விடாமல் செய்யும். ஆனால் அதுவும் சோடியத்தை வெளியேற்றுகிற மாத்திரைதான் என்பதால், தொடங்கிய பிறகு லெவல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.