கார்டு எண் காற்றில் போகும்போது

பொள்ளாச்சியில் இருக்கும் என் சித்தியின் கிரைண்டருக்கு வயது 19. பெல்ட் அறுந்துவிட்டது, அந்த மாடலுக்குக் கடைவீதியில் பெல்ட் இல்லை. நெட்டில் இருக்கிறது, ஆர்டர் போட்டுவிடலாம் என்றேன். கார்டைக் கையில் எடுத்தவர், எண்ணைத் தட்டாமல் என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, இந்த நம்பரு காத்துலதான போகுது? நடுவுல எவனாச்சும் புடிச்சுக்க மாட்டானா?"

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே நம்மில் பலர் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருக்கிறோம். பதில்: பிடிக்கலாம், தாராளமாகப் பிடிக்கலாம். வீட்டு வைஃபை, செல்போன் கோபுரம், மண்ணுக்கடியில் ஓடும் கேபிள், யார் யாருடையவோ கம்ப்யூட்டர்கள் என எல்லாவற்றையும் தாண்டித்தான் அந்த எண் கடையின் சர்வருக்கு, அதாவது கடைத் தளத்தை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, போய்ச் சேர்கிறது. ஆனால் பிடித்தவன் கையில் சிக்குவது கலைத்துப்போட்ட குப்பைதான். அதை மறுபடி எண்ணாக்க ஒரு சாவி வேண்டும். அது சித்தியின் போனிலும் கடையின் சர்வரிலும் மட்டுமே இருக்கிறது.

சரி, அந்தச் சாவி இரண்டு பக்கமும் எப்படி வந்தது? சித்தியின் போனும் அந்த சர்வரும் இதற்கு முன் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. சாவியை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பினால், நடுவில் காதை வைத்திருப்பவனுக்கும் அது கிடைத்துவிடுமே. ரகசிய எழுத்தைப் பயன்படுத்திய அரசர்களுக்கும் படைகளுக்கும் காலங்காலமாக இருந்த தலைவலி இதுதான். சாவியை மட்டும் நம்பிக்கையான ஆள் கையில் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது.

1976இல் அமெரிக்காவின் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஒரு வழியை வெளியிட்டார்கள். எல்லார் காதிலும் விழும்படி பேசிக்கொண்டே இரண்டு பேர் ஒரு ரகசியத்தை உருவாக்கிக்கொள்ளலாம். நம்பக் கடினம்தான். கால்குலேட்டரை எடுங்கள், செய்தே பார்த்துவிடுவோம்.

3, 17 என்ற இரண்டு எண்களை எல்லோரும் அறிய வைத்துக்கொள்வோம். சித்தியின் போன் மனதுக்குள் 4 என்று நினைக்கிறது. 3ஐ நான்கு முறை பெருக்கினால் (3×3×3×3) 81, அதை 17ஆல் வகுத்தால் மீதி 13. இந்த 13ஐ வெளிப்படையாகவே அனுப்புகிறது. கடை மனதுக்குள் 6 என்று நினைக்கிறது. 3ஐ ஆறு முறை பெருக்கினால் 729, மீதி 15. அதுவும் தன் 15ஐ வெளிப்படையாக அனுப்புகிறது. இப்போது போன், வந்த 15ஐத் தன் ரகசியமான 4 முறை பெருக்குகிறது: 50,625. 17ஆல் வகுத்தால் மீதி 16. கடை, வந்த 13ஐத் தன் ரகசியமான 6 முறை பெருக்குகிறது: 48,26,809. மீதி? அதே 16.

அந்த 16தான் சாவி. அது ஒருமுறைகூடக் காற்றில் போகவில்லை. ஒட்டுக்கேட்டவனிடம் இருப்பது 3, 17, 13, 15 மட்டும். "3ஐ எத்தனை முறை பெருக்கினால் மீதி 13 வரும்?" என்று அவன் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். மீதி என்பது கடிகார முள் மாதிரி. முள் எங்கே நிற்கிறது என்று தெரியும், எத்தனை சுற்று சுற்றிவிட்டு அங்கே வந்தது என்று தெரியாது. நம் சின்ன உதாரணத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். 17க்குப் பதிலாக 617 இலக்கம் உள்ள ஓர் எண்ணை வைத்தால், இன்றைய கம்ப்யூட்டர்களை எல்லாம் சேர்த்து ஓட்டினாலும் ஆகாது. இப்போது போன்கள் பெரும்பாலும் இதே கணக்கை வேறொரு வகை வளைகோட்டுக் கணிதத்தில் செய்கின்றன. யோசனை அதேதான்.

(பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு அமைப்பான ஜிசிஹெச்க்யூவில் மால்கம் வில்லியம்சன் 1974இலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் வேலை ரகசிய வேலை. 1997 வரை உலகத்துக்குச் சொல்லவே இல்லை.)

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நடுவில் இருப்பவன் சும்மா ஒட்டுக்கேட்காமல், "நான்தான் கடை" என்று சொல்லிக்கொண்டு வந்தால்? சித்தியின் போன் அவனோடு அருமையாக ரகசியம் பேசும். கணக்கு துளியும் பிசகாது, ஆள்தான் தப்பு. இதைத் தடுக்கத்தான் சான்றிதழ். பதிவுத்துறை முத்திரை மாதிரி, "இந்த முகவரிக்குரிய சர்வர் இதுதான்" என்று ஒரு நிறுவனம் டிஜிட்டல் கையொப்பம் போட்டுக் கொடுக்கிறது. எந்தெந்த நிறுவனங்களின் கையொப்பத்தை நம்பலாம் என்ற பட்டியல் நம் போனிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்த ஒருவர் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்து, கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள். பிரவுசர்கள் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து தூக்கின. சில வாரங்களில் அது திவால்.

முகவரிக்குப் பக்கத்தில் நாம் பார்த்துப் பழகிய குட்டிப் பூட்டு சொன்னது இவ்வளவுதான்: வழி பத்திரம், முகவரி உண்மை. அந்த முகவரியில் உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்பது அதற்குத் தெரியாது. கூகுள் 2021இல் செய்த ஆய்வில், பூட்டின் சரியான பொருளைப் புரிந்துகொண்டவர்கள் 11 சதவீதம் பேர்தான். 2023இல் குரோம் பிரவுசர் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் பூட்டைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். பாதி விலைக்குத் தோல் செருப்பு என்று ஒரு தளத்தில் பணம் கட்டினேன். பூட்டு இருந்தது, செருப்பு வரவில்லை. சான்றிதழ் வாங்குவது இப்போது இலவசம், சில நிமிட வேலை. மோசடிக்காரனும் வாங்குவான்.

ஆக, முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். இது பத்து நொடி வேலை, செய்பவர்கள் குறைவு. மல்லிகைக்கடை.காம் என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மல்லிகைக்கடை.காம்.தீபாவளிஆஃபர்.ஷாப் என்று ஒரு லிங்க் வருகிறது. கண் முதலில் "மல்லிகைக்கடை"யில் போய் நிற்கும். ஆனால் உரிமையாளர் பெயர் வலது கடைசியில் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்பு வரை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஷாப், அதற்கு முன்னால் தீபாவளிஆஃபர். அவர்தான் உரிமையாளர். அதற்கு இடப்புறம் அவர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் லிங்கைத் தொடாமல், கடையின் பெயரை நாமே தட்டி உள்ளே போவது இன்னும் நல்லது.

சித்தி ஒருவழியாக எண்ணைத் தட்டினார். ஒரு இலக்கம் மாறிப்போய், "கார்டு எண் தவறு" என்று உடனே சிவப்பில் வந்தது. "பாத்தியா, பேங்குக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். பேங்குக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஒரு குட்டிக் கணக்கு அது. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒரு இலக்கத்தை இரட்டிப்பாக்கி, 9ஐத் தாண்டினால் 9ஐக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டினால் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரே ஒரு இலக்கம் மாறினாலும் வகுபடாது. கைப்பிழையைப் பிடிக்கும் கணக்கு இது, திருடனைப் பிடிக்காது.

திருடனுக்கான ஏற்பாடு ஓடிபி. இணையத்தில் கார்டு பயன்படுத்தும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று 2009இலேயே ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடும். அதனால் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வைப்பது புத்திசாலித்தனம், வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். அப்புறம், ஓடிபி வரும் மெசேஜில் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை நாம் படிப்பதே இல்லை. தொகையும் கடையின் பெயரும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

"கார்டைச் சேமிக்கவா?" என்று தளம் கேட்டால் முன்பு நான் பயப்படுவேன். 2022 அக்டோபரிலிருந்து இந்தியக் கடைகள் கார்டு எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. பதிலுக்கு ஒரு டோக்கன் வைத்துக்கொள்கின்றன. கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரிதான், அந்த ஒரு கடைக்கு மட்டும் செல்லும். அங்கிருந்து யாராவது திருடினாலும் வேறு கடையில் காட்டி எதையும் வாங்க முடியாது.

யுபிஐயில் ஒரே விஷயம்தான். பின் எண் பணம் கொடுப்பதற்கு. நமக்குப் பணம் வர வேண்டுமானால் பின் எண்ணும் வேண்டாம், கியூஆர் ஸ்கேனும் வேண்டாம். "ரீஃபண்ட் அனுப்புறோம், பின் போடுங்க" என்று யாராவது போன் செய்தால் பேச்சே தேவையில்லை, வைத்துவிடலாம். மீறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் நடுவிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். வங்கிக்கும் சொல்லிவிட வேண்டும். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால், நமக்குப் பொறுப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி. ஓடிபியை நாமே படித்துக் காட்டியிருந்தால் இது பொருந்தாது.

சித்தியின் போனில் மெசேஜ் வந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தொகை, கடைப் பெயர் எல்லாம் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் ஓடிபியைத் தட்டினார். நான்காம் நாள் பெல்ட் வந்தது. அரை இஞ்சு சிறிது. திருப்பி அனுப்பிப் பெரியதை வரவழைத்த வேலையெல்லாம் அவரே தனியாகச் செய்துவிட்டார். மாவாட்டிய பிறகுதான் எனக்குப் போன் வந்தது.