உளுந்துப் பூவைக் கொட்ட வைப்பது யார்?

"உளுந்து நன்றாகத்தான் வந்தது. பூவும் கொத்துக் கொத்தாக வைத்தது. இப்போது பாதிப் பூ தரையில் கிடக்கிறது. கண் பட்டிருக்குமோ?" என்று திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கண் எதுவும் படவில்லை, ஐயா. பூவை உதிர்த்தது அந்தச் செடியேதான்.

டெல்டாவில் நெல் அறுவடைக்குப் பத்து நாள் முன்பே, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். அப்புறம் பெரும்பாலும் பாசனம் கிடையாது. மிச்ச ஈரமும் தைப் பனியும்தான். பூக்கிற நேரத்தில் அந்த ஈரமும் கீழே இறங்கிவிடும்.

தண்ணீர் குறைந்ததும் செடிக்குள் எத்திலீன் என்ற வாயு கூடுகிறது. வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அந்தப் புகையில் வேலை செய்வதும் இதுதான். எத்திலீன் கூடினால் வேர் நீளாது, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சு குறையும், பூக்காம்பின் அடியிலுள்ள மெல்லிய செல் அடுக்கு பிரிந்து பூ கழன்று விழும். பூவிலிருந்து ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் ஓடிவந்துகொண்டிருக்கும் வரை அந்த அடுக்கு எளிதில் பிரியாது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்.ஏ.ஏ. கலந்து, பூக்கும் முன் ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை தெளிக்கச் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். என்.ஏ.ஏ. செயற்கை ஆக்சின்.

சரி, இது பூவுக்குப் போடும் காவல். எனக்குத் தீராத வியப்பு வேரில் நடப்பதுதான்.

செடி எடுத்த எடுப்பில் எத்திலீனைச் செய்துவிடாது. முதலில் ஏ.சி.சி. என்ற சிறிய அமினோ அமிலத்தைச் செய்கிறது. அதுதான் பிறகு எத்திலீனாக மாறுகிறது. வேரிலிருக்கும் ஏ.சி.சி. கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குக் கசியும். வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்களிடம் அதை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. 1978இல் ஜப்பானின் ஹோன்மாவும் ஷிமொமுராவும் அதைக் கண்டறிந்தார்கள். வெட்டினால் அம்மோனியாவும் ஒரு கரிம அமிலமும் கிடைக்கும். பாக்டீரியாவுக்கு இரண்டுமே சாப்பாடு. வெளியே ஏ.சி.சி. தீரத் தீர, மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு வடிவது போல வேருக்குள் இருப்பதும் வெளியேறுகிறது. எத்திலீன் ஆவதற்கு உள்ளே சரக்கு குறைந்துவிடுகிறது! 1998இல் கனடாவின் பெர்னார்ட் கிளிக் குழு இதை இப்படித்தான் விளக்கியது. பாக்டீரியா செடியைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. தன் பசிக்குத் தின்கிறது, வேர் நீள்கிறது.

காய்ந்துவரும் மண்ணில் வளர்ந்த பட்டாணிச் செடிகளுக்கு இப்படியொரு பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. விளைச்சல் கூடியது, வேர் முடிச்சும் குறையவில்லை. அந்த நொதி குன்றிய திரிபுப் பாக்டீரியாவைக் கொடுத்தபோது பலன் இல்லை.

நம் டெல்டாக் களிமண்ணிலிருந்தே இத்தகைய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, நெல்லுக்குப் பின் உளுந்து போடும் நெல் தரிசு வயல்களிலேயே பல பருவங்கள் சோதிக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் பயறுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மூன்று வருடத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தால் மூன்று தைப் பட்டம்தான் பார்க்க முடியும். ஒரு வருடம் மழை, ஒரு வருடம் வறட்சி என்று போனால் எதை வைத்து முடிவு சொல்வது? பத்து வருடத்துக்காவது நிதி வேண்டும் என்பது என் கருத்து.

வாசகருக்கு ஒன்று: நுண்ணுயிர் உரத்தை விதையில் கலக்கும்போது அது உயிருள்ள பொருள் என்பது நினைவிருக்கட்டும். பூஞ்சாணக் கொல்லி போடுவதானால் 24 மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். ஒட்டுவதற்கு ஊற்றும் அரிசிக் கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். கலந்த விதையை நிழலில்தான் உலர்த்த வேண்டும்.