பம்பரும் ராக் ஸ்லைடரும் செய்யக் கொடுக்கும் முன்: பட்டறையிலிருந்து சில எச்சரிக்கைகள்

கோவையில் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமில்லை. அதனால் தார், குர்கா, ஜிம்னி, பழைய ஜிப்ஸி போன்ற காடுமேடு ஏறும் வண்டிகள் வைத்திருப்பவர்கள் பலர், இறக்குமதி உதிரிகளின் விலையைப் பார்த்துவிட்டு, இரும்புப் பம்பரையும், கதவுக்குக் கீழே வண்டியைப் பாறையிலிருந்து காக்கும் ராக் ஸ்லைடரையும் உள்ளூரிலேயே செய்துகொள்ள வருகிறார்கள். அளவெடுத்துச் செய்யும் வேலை ஒழுங்காக அமைந்தால், பெட்டியில் வரும் பொருளைவிட வண்டியோடு நன்றாகவே பொருந்தும் என்பதால் அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "பைப் எத்தனை கனமுங்க?" என்பதுதான். பாறையில் வண்டி உட்காரும்போது அந்தப் பாரம் எதன் வழியாக எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த வேலையில் நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி, யாரும் கேட்காத அந்த இரண்டாவது கேள்வியில்தான் போய் முடிகின்றன.

கதவுக்குக் கீழே வாங்கும்போதே வரும் ஃபுட்ஸ்டெப், ஓர் ஆள் கால் வைத்து ஏறுவதற்கானது. ராக் ஸ்லைடர் பார்வைக்கு அதைப் போலவே தோன்றினாலும், வண்டியின் ஒரு பக்கத்துப் பாரம் முழுவதும் தன்மேல் இறங்கினாலும் கதவடித் தகட்டைத் தொடாமல் தாங்க வேண்டும். தாங்கியபடியே பாறைமேல் வழுக்கிச் செல்லவும் வேண்டும். ஆகவே அது பாடியில் மாட்டப்படவே கூடாது. இவ்வகை வண்டிகளில் பாடி, சேஸிஸ் என்னும் இரும்பு அடிச்சட்டத்தின் மேல் ரப்பர் திண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்லைடரைப் பாடியில் பூட்டினால், எந்தத் தகட்டைக் காப்பாற்றப் போகிறோமோ அதையே பாறை அந்த ஸ்லைடரைக் கொண்டு கசக்கிவிடும்.

சேஸிஸில் மாட்டினால் மட்டும் போதுமா என்றால், போதாது. வேறோர் ஊரில் ஸ்லைடர் போட்ட ஒரு தாரை எங்களிடம் கொண்டு வந்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது: கறுப்புப் பவுடர் கோட்டிங், சீரான வளைவு, நல்ல கனமான பைப். வண்டியைத் தூக்கிக் கீழே விளக்கடித்தபோது, பைப்பைச் சேஸிஸோடு இணைக்கும் கால்களில், நடுக்காலின் பேஸ் பிளேட்டின் (காலைச் சேஸிஸில் பூட்டும் தகட்டின்) மேல் விளிம்பு சேஸிஸின் பக்கச் சுவருக்குள் கட்டைவிரல் புதையும் அளவுக்கு இறங்கியிருந்தது. கீழ்ப் பக்கம் பிளேட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி. பைப் வளையவே இல்லை. அதன் கனம் முழுவதும் நெம்புகோலாக மாறிச் சேஸிஸை வளைத்திருந்தது.

கணக்கைப் போட்டால் காரணம் விளங்கும். வண்டியின் பாதிப் பாரம், 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது சேஸிஸிலிருந்து 300 மி.மீ. வெளியே இருக்கும் பைப்பின்மேல் இறங்குகிறது. பேஸ் பிளேட்டில் மேல் வரிசை போல்ட்டுக்கும் கீழ் வரிசை போல்ட்டுக்கும் 100 மி.மீ. இடைவெளி இருந்தால், கீழ் வரிசை மொத்தமாக 2,700 கிலோ விசையில் வெளியே இழுபடும். அதே அளவு விசை பிளேட்டின் மேல் விளிம்பில் சேஸிஸை உள்ளே அழுத்தும். இது வண்டி அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. ஓர் அடி உயரத்திலிருந்து தொப்பென்று விழுந்தால் இதைப் போலப் பல மடங்காகும். எனவே பக்கத்துக்கு மூன்று கால்களாவது இருக்க வேண்டும். பேஸ் பிளேட் உயரமாகவும் 6 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். காலுக்கும் பிளேட்டுக்கும் இடையில் கஸெட் எனும் முக்கோணத் தாங்குதகடு வைக்க வேண்டும். பெட்டி வடிவச் சேஸிஸில் போல்ட் ஊடுருவிப் போகும் இடமெல்லாம் உள்ளே, இரு சுவர்களுக்கும் நடுவே போல்ட்டைச் சுற்றி நிற்கும் குழாயான ஸ்லீவ் கட்டாயம் வேண்டும். ஸ்லீவ் இல்லாமல் முடுக்கினால், முடுக்கும்போதே பெட்டியின் இரண்டு சுவர்களும் உள்வாங்கும்; பிறகு போல்ட் தளர்ந்துகொண்டேதான் இருக்கும். மேலே சொன்ன வண்டியில் ஸ்லீவும் இல்லை, கஸெட்டும் இல்லை.

பல பட்டறைகளில் இதற்குச் சொல்லும் சுருக்குவழி, காலை நேராகச் சேஸிஸில் பற்றவைத்துவிடுவது. அதை நான் செய்வதில்லை. பற்றவைத்த இடத்தைச் சுற்றியுள்ள இரும்பின் குணம் சூட்டில் மாறிவிடும்; விரிசல் பெரும்பாலும் வெல்டில் வராமல் அதன் ஓரத்தில்தான் தொடங்கும். அதோடு சேஸிஸின் உட்புறத்திலுள்ள துருத்தடுப்புப் பூச்சும் எரிந்துபோகும். அந்த இடத்துக்குப் பிரஷ்ஷும் எட்டாது, கண்ணும் எட்டாது. சேஸிஸை ஒட்டியே பிரேக் லைன், டீசல் லைன், வயரிங் எல்லாம் ஓடுகின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வண்டியின்மேல் ஒரு டேக் (சிறு புள்ளி வெல்ட்) அடிப்பதாக இருந்தாலும், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

இனி பைப். "சி கிளாஸ் போட்டிருக்கோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏ, பி, சி என்பவை ஐ.எஸ். 1239 என்னும் இந்தியத் தரத்தில் தண்ணீர் போன்றவை ஓடும் குழாய்களுக்கான வகைகள்; பைப்பில் நீலப் பட்டை இருந்தால் பி, சிவப்பு இருந்தால் சி. வெளிவிட்டம் 48.3 மி.மீ. உள்ள பைப்பில் பி என்றால் சுவர் 3.2 மி.மீ., சி என்றால் 4 மி.மீ. சி கிளாஸ் கனமானதுதான். ஆனால் அந்தத் தரம் எழுதப்பட்டது வளைவையும் அடியையும் தாங்குவதற்காக அல்ல. கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 1161 பைப்பில் ஒய்.எஸ்.டி. 240, 310 என்று, இரும்பு மீளாமல் வளையத் தொடங்கும் வலிமையே (யீல்டு) தரப் பெயரில் இருக்கும். அந்த 310-ஐ 3.2 மி.மீ. கனத்தில் வாங்கினால் மீட்டருக்குச் சுமார் 3.6 கிலோ, 4 மி.மீ. சி கிளாஸ் 4.4 கிலோ. எடையும் குறைகிறது, வலுவும் கூடுகிறது. ஆனால் நம் ஊரில் பேப்ரிகேஷன் வேலைக்குக் கிலோ கணக்கில்தான் கூலி பேசுகிறோம். இரும்பு கூடினால் பில்லும் கூடும் என்ற ஏற்பாட்டில், எடையைக் குறைக்க யாருக்கு மனம் வரும்? ஸ்லைடருக்கும் பம்பருக்கும் வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுவது வாங்குபவருக்கு நல்லது.

ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பூச்சோடு பற்றவைத்தால் வெல்ட் நுரைத்து உள்ளே ஓட்டை விழும். அந்தப் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

பம்பருக்கு வருவோம். பம்பர் இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறலாம் என்பதைச் சொல்லும் முன் ஏற்றக் கோணம் தாருக்கு 41.8 பாகை, ஜிம்னிக்கு 36 பாகை. இந்தக் கோணத்துக்காகவே இவ்வகை வண்டியை வாங்கிவிட்டு, அதைக் குறைக்கிற மாதிரி தாழ்ந்து நீண்ட பம்பரை மாட்டுவது வீண் செலவு. எடை இன்னொரு சிக்கல். 5 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 39 கிலோ. பம்பரும், சிக்கிய வண்டியைக் கயிற்றில் இழுக்கும் வின்ச்சும் சேர்ந்து 70 கிலோ என்றும், அது முன் அச்சுக்கு 600 மி.மீ. முன்னால் தொங்குகிறது என்றும் கொண்டால், 2,450 மி.மீ. வீல்பேஸ் (இரு அச்சுகளின் இடைவெளி) உள்ள தாரில் முன் அச்சுக்கு ஏறக்குறைய 87 கிலோ கூடும். பின் அச்சில் 17 கிலோ குறையும். முன் ஸ்பிரிங் இறங்குவதும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் லேசாவதும் இதனால்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மோதல். கம்பெனிப் பம்பருக்குப் பின்னால் உள்ள பகுதி, நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காகவே வடிவமைக்கப்பட்டது. வேகம் எத்தனை விரைவாகக் குறைகிறது என்பதை உணரிகள் அளந்துதான் ஏர்பேக்கை விரிக்கின்றன. நசுங்க மறுக்கும் இரும்பை நேரே சேஸிஸின் நுனியில் பூட்டும்போது அந்தக் கணக்கு மாறிவிடுகிறது: ஏர்பேக் தேவையில்லாத அடிக்கு விரியலாம், தேவையான அடிக்குத் தாமதிக்கலாம். எங்களைப் போன்ற எந்தப் பட்டறையிலும் மோதிப் பார்க்கும் வசதி கிடையாது. ஆகவே "ஏர்பேக்குக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் உறுதி சொன்னால், அவரிடம் எந்தச் சோதனையின் பேரில் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். எதிரே வரும் டூவீலர்காரருக்கும் நடந்து போகிறவருக்கும் அந்தப் பம்பர் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. வண்டியின் முன்னால் பொருத்தும் கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கூறி, நடவடிக்கை எடுக்குமாறு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அதனால் சாலையில் ஓடும் வண்டிக்கு முன் இரும்புப் பம்பர் செய்ய நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. டிரெய்லரில் ஏற்றிப் போட்டிக்குக் கொண்டுபோகும் வண்டியாக இருந்தால் செய்கிறேன். ஸ்லைடரையும் போல்ட்டில் மட்டும், சேஸிஸில் வெட்டோ வெல்டோ இல்லாமல், கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைக்கிறேன், எஃப்.சி.க்கு ஆய்வாளர் கழற்றச் சொன்னால் கழற்றியாக வேண்டும் என்பதையும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும் என்பதையும் வேலைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

போட்டி வண்டிக்குப் பம்பர் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பம்பரில் அழகுக்கு வளைத்த பைப்பில் கயிறு கட்டி வண்டியை இழுக்காதீர்கள். சேற்றில் புதைந்த வண்டியை விடுவிக்கத் தேவைப்படும் விசை அதன் எடையைவிடப் பல மடங்கு ஆகலாம். பிய்ந்து வரும் இரும்புத் துண்டு, இழுபட்டு நீண்டிருந்த கயிற்றின் விசையோடு ஆளை நோக்கிப் பறக்கும். இழுக்கும் கொக்கிக்கான தகடு பம்பரின் முகத்தை ஊடுருவிப் பின்னால் சேஸிஸோடு போல்ட்டில் சேர வேண்டும். மாட்டும் ஷாக்கிளில் (கயிற்றைக் கோக்கும் வளைய இணைப்பில்) அது தாங்கும் பளு எழுதியிருக்க வேண்டும். முக்கால் அங்குல ஷாக்கிளில் 4¾ டன் என்று பொறித்திருக்கும். எழுத்தே இல்லாத ஷாக்கிளை வாங்காதீர்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது வெல்டைப் பாருங்கள். கிரைண்டர் போட்டுப் பட்டி பூசி மழமழவென்று ஆக்கியிருந்தால், அங்கே மணி மணியாக இருந்த வலுவைச் சீவிவிட்டார்கள் என்று பொருள். பெயின்ட்டுக்கு முன் ஒரு முறை வந்து பச்சை இரும்பாகவே பார்த்துவிடுவது நல்லது. ஒழுங்கான பட்டறை அதற்கு மறுக்காது. ஸ்லைடரின் அடியில் பைப்பில் நீர் வடியும் துளை இருக்கிறதா, போல்ட் தலைகள் பாறையில் உரசாதபடி உள்வாங்கி இருக்கின்றனவா, போல்ட்டில் 8.8 அல்லது 10.9 என்ற வலிமைத் தர எண் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்லைடருக்கு அடியில் ஜாக்கி வைத்து, அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் தரையை விடும்வரை தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள். இறக்கிய பின் பேஸ் பிளேட்டின் ஓரத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பில்லில் பைப்பின் தரத்தையும் சுவர்க் கனத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கரடுமுரடு ஓட்டம் முடிந்து வந்ததும் டார்க் ரெஞ்சால் எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று முடுக்க வேண்டும்; எங்கள் பட்டறையில் அதற்குக் காசு வாங்குவதில்லை.