பதினாறு இலக்கமும் சரி, அட்டைதான் இல்லை

4111 1111 1111 1111. நாலாயிரத்து நூற்றுப் பதினோரு லட்சம் கோடியைத் தாண்டும் எண். இணையத்தில் பணம் செலுத்தும் மென்பொருள்களைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் மாதிரி அட்டை எண் இது. இதைக் கொண்டு வடசேரிச் சந்தையில் ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது. ஆனால் கணக்குப்படி குறையே இல்லாத எண்.

இடப்பக்கமிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை இரட்டியுங்கள். 9ஐத் தாண்டினால் 9ஐக் கழித்துக்கொள்ளுங்கள். இங்கே 4 எட்டாகிறது, ஏழு ஒன்றுகள் பதினான்காகின்றன. இரண்டும் சேர்ந்து 22. தொடாமல் விட்ட எட்டு ஒன்றுகளையும் கூட்டினால் 30. பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் தேறிவிடும். ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் விண்ணப்பித்து, 1960இல் காப்புரிமை பெற்ற முறை இது.

ஓர் இலக்கம் பிசகினால் நிச்சயம் பிடிபடும். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் பிடிபடும். 09 என்பது 90 ஆனால் மட்டும் தப்பிவிடும், ஏனென்றால் எப்படிக் கூட்டினாலும் 9தான் வரும். கைப்பிழையைப் பிடிக்க அருமையான ஏற்பாடு. திருடனைப் பிடிக்க அல்ல. மனம்போன போக்கில் எழுதும் எண்களிலும் பத்துக்கு ஒன்று தேறும்.

மார்த்தாண்டம் பக்கம் வங்கிக் கவுண்டரில் இருக்கும் எனக்கு இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் அதிகம் கண்ணில் படுகிறது. மகன் வளைகுடாவில் இருக்கும் ஓர் அம்மா வந்தார். “சாரே, பேங்கிலிருந்து என்று போனில் பேசியவனே கார்டின் முதல் ஆறு நம்பரையும் சொன்னான். மீதியை நான் வாசித்தபோது, ஒன்று தப்பு, திரும்பப் பாருங்கள் என்றான். பார்த்தால் தப்புதான்! பேங்க் ஆள் இல்லாமல் எப்படித் தெரியும்?”

கூட வந்த பக்கத்துவீட்டுக்காரரின் அட்டையை வாங்கி, அந்த அம்மாவுடையதன் அருகில் வைத்தேன். முதல் ஆறு இலக்கங்களும் ஒன்றே. அவை அட்டை வழங்கிய வங்கியைக் குறிப்பவை. ஒரே வங்கியின் ஒரே வகை அட்டைகளில் பெரும்பாலும் மாறுவதில்லை. தப்பைக் கண்டுபிடிக்க வங்கிக் கணினி எதற்கு? லூனின் கூட்டல் போதும். ஓடிபியையும் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. உடனே அட்டையை முடக்கிவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வைத்தேன். இந்த இரண்டிலும் நிமிடங்கள்தான் கணக்கு. வீட்டுக்குப் போய் ஆலோசித்துவிட்டு வருவதற்கு நேரம் கிடையாது.

ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கமும் இப்படிப்பட்ட சரிபார்ப்பு இலக்கம்தான். அங்கே பயன்படுவது டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃபின் முறை. 09, 90 ஓட்டை அதில் இல்லை. ஆனாலும் ஏதோ ஒரு செயலி ‘சரியான எண்’ என்று பச்சை காட்டியதை நம்பி வாடகைக்கு வீடு விடாதீர்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் எண்ணைக் கொடுத்தால் வயது வரம்பு, பாலினம், மாநிலம், கைப்பேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் தெரியும். அவை எதிரே நிற்பவருக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.