கரஸ்ல டிகிரி: பணம் கட்டும் முன் வரிசையைப் பாருங்கள்

வேலை பார்த்துக்கொண்டே படிக்க வழி கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "ப்ளஸ் டூ முடிச்சிட்டீங்களா?" விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் கல்வி ஆலோசகராக இருக்கிறேன். அச்சகத்திலும் ஜவுளிக்கடையிலும் நிற்கிற பிள்ளைகள் ‘கரஸ்ல ஒரு டிகிரி’, அதாவது தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டம், போட்டுவிட வேண்டும் என்று வருகிறார்கள். அந்த ஆசையை ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கண் கலங்கித் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பத்தாவதோடு நின்றவர்களையும் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடிக்கவைத்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இளங்கலையில் சேர்த்துக்கொண்டன. சில இடங்களில் இளங்கலையே இல்லாமல் நேராக எம்.ஏ.வும் தந்தார்கள். அப்படி வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டம் கேட்கும் தமிழக அரசுப் பணிக்கும் பத்தாவது, ப்ளஸ் டூ, பிறகு இளங்கலை என்ற வரிசை கட்டாயம். டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையிலேயே இது இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. ப்ளஸ் டூ இல்லாமல் பட்டம் வாங்கி, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பெண் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோனார். பட்டம் உண்மையானது, பல்கலைக்கழகமும் உண்மையானது. "இப்ப ப்ளஸ் டூ எழுதிட்டா சரியாயிடுமா சார்?" என்று கேட்டார். ஆகாது. வரிசை மாறிவிட்டதே! ப்ளஸ் டூ முடித்துவிட்டு இளங்கலையை முதலிலிருந்து படிக்க வேண்டும். சேரும் நாளில் ஒருவர் சொல்லியிருந்தால் அந்த மூன்று வருடம் மிஞ்சியிருக்கும்.

ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகரித்த தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்பதை 2022-இல் யு.ஜி.சி.யே தெளிவுபடுத்தியது. அதனால் "கரஸ் டிகிரிக்கு மதிப்பில்லை" என்று சொல்லும் சொந்தக்காரர்களை விட்டுத்தள்ளுங்கள்.

ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் பார்ப்பதல்ல. நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டில் அனுமதி உண்டா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். பக்கத்து ஊர் ஸ்டடி சென்டர்காரர் காட்டும் பழைய கடிதம் போதாது. 2024 முதல் சேர்க்கைக்கு அந்தக் கல்விப் பிரிவின் டெப் ஐடி (DEB ID) என்ற மாணவர் அடையாள எண்ணும் வேண்டும்; செல்போனிலேயே நீங்களே எடுத்துக்கொள்ளலாம். "அதெல்லாம் தேவையில்ல, நான் பாத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள், தனிநபரின் ஜி-பே எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம், பி.இ., நர்சிங், சட்டம் ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே கிடையாது. அனுமதி பெறாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தந்த தொலைநிலைப் பொறியியல் பட்டங்களை 2017-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அவற்றைக் காட்டி வேலையும் பதவி உயர்வும் பெற்றவர்கள் பலர் அதில் மாட்டிக்கொண்டார்கள். இன்றும் ‘வீட்டிலிருந்தே பி.இ.’ என்று நோட்டீஸ் வந்தால், எவ்வளவு குறைந்த கட்டணம் சொன்னாலும் சேராதீர்கள்.